ஃப்ரீ டிராப் எங்கே உண்டு, எங்கே இல்லை? கோல்ஃப் மைதானத்தில் அடி மிச்சம் பிடிக்க 54 குறிப்புகள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிள்ளைகள் வளர்வது கிரிக்கெட்டிலும் கபடியிலும்தான். படிப்பு முடிந்து சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போன பிறகு, கம்பெனிப் போட்டி என்று சொல்லி ஒருநாள் கையில் கோல்ஃப் மட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். அடிக்கச் சொல்லித்தர அங்கே ஆள் உண்டு. வெட்டிக் குவித்த புல்லுக்குள் பந்து போய் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மைதானத்துப் பராமரிப்பு வேலையால் நமக்கு இடைஞ்சல் வந்தால் அபராதம் இல்லாமல் பந்தை நகர்த்திக்கொள்ள விதியே வழி விட்டிருக்கிறது. ரேஷன் கடையில் நமக்கு உரியதைக் கேட்டு வாங்குகிற மாதிரி அதையும் கேட்டு வாங்க வேண்டும், உரியது இல்லை என்றால் கை வைக்கவும் கூடாது. ஆட்டம் உங்களுக்குத் தெரியும், அதனால் நேராகக் குறிப்புகளுக்குப் போவோம்.

கிளம்பும் முன்

1. விதிப் புத்தகத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் விதிச் செயலியை போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2019இலும் 2023இலும் விதிகள் மாறியிருப்பதால், யாரோ கொடுத்த பழைய புத்தகத்தை நம்ப வேண்டாம்.

2. முழுவதும் படிக்க நேரம் இல்லையா? 15, 16 என்ற இரண்டு விதிகளை மட்டும் படியுங்கள். நகர்த்தக்கூடிய பொருட்களுக்கு 15. பராமரிப்பு இடம், தேங்கிய தண்ணீர், விலங்கு வளை, நகர்த்த முடியாத கட்டுமானம் ஆகிய நான்குக்கும் 16. அரியலூரில் ரயில் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் இரண்டையும் முடித்துவிடலாம்.

3. ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் முதல் பந்தை அடிக்காதீர்கள். அந்த மைதானத்துக்கென்று கமிட்டி போட்ட உள்ளூர் விதிகள் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். நோட்டீஸ் போர்டில் அன்றைக்கு ஒட்டியதையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பாதி ஆட்டத்தில் திரும்பி ஓட வேண்டியதில்லை.

4. பெரம்பலூரிலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று போய்க் கொடைக்கானல் ஏறுவது லேசான பயணம் இல்லை. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பாக இருந்தாலும் சரி, வேறு எந்த மைதானமாக இருந்தாலும் சரி, முதலில் போன் போடுங்கள். வெளியாட்களுக்கு அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, கிரீனில் துளை போடும் வேலை நடக்கிறதா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

5. கடையில் விற்கும் பந்து அடையாள வில்லை வாங்காமலே சமாளிக்கலாம். ஒரு ரூபாய் நாணயம் போதும், விதி அதை ஏற்கிறது. இலை, குச்சி, சின்னக் கல்லை அடையாளமாக வைத்தால் மட்டும் அபராதம், ஏனென்றால் அடையாளப் பொருள் செயற்கையானதாக இருக்க வேண்டும்.

6. கிழிந்த பருத்தி வேட்டியில் கைக்குட்டை அளவு துண்டு, தேய்ந்த டூத் பிரஷ், மரக்குச்சி டீ நான்கு, அழியாத மை பேனா இவற்றைப் பையின் ஒரு அறையில் போட்டு வையுங்கள். துணி ஈரமாக இருந்தால் பந்துக்கு, பிரஷ் மட்டையின் கோடுகளில் சிக்கிய மண்ணுக்கு, டீ டிராப் அளக்க.

7. பந்தில் உங்கள் அடையாளமாக ஒரு புள்ளியோ எழுத்தோ போட்டுவிடுங்கள். புல் குவியலிலோ சேற்றிலோ கிடக்கும் பந்து உங்களுடையதுதான் என்று காட்ட முடியாவிட்டால் சலுகை பற்றிப் பேசவே முடியாது.

8. சின்ன மைதானம்தானே என்று டிரைவர் மட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். டிராப் செய்யும் இடத்தை அளப்பது, பட்டர் தவிர உங்கள் பையில் இருக்கும் மிக நீளமான மட்டையால்தான். டிரைவர் சுமார் 45 அங்குலம் இருக்கும், அது பையில் இருந்தால் நல்ல இடமாகப் பார்த்துப் போடக் கொஞ்சம் கூடுதல் வசதி.

கோடும் குச்சியும்

9. கார்டில் ஜி.யு.ஆர். என்று போட்டிருந்தால் பராமரிப்பு நடக்கும் இடம் என்று அர்த்தம். பல மைதானங்களில் அதைத் தரையில் வெள்ளைக் கோடு போட்டோ நீலக் குச்சி நட்டோ காட்டுவார்கள். நிறம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கார்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. வெள்ளைக் குச்சியையும் வெள்ளைக் கோட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெள்ளைக் குச்சி பெரும்பாலும் மைதான எல்லை, அதைத் தாண்டினால் சலுகை இல்லை, அபராதம்தான். சிவப்பு, மஞ்சள் குச்சிகள் பெனால்டி ஏரியாவைக் காட்டும்.

11. பராமரிப்பு இடத்துக்குப் போட்ட கோடும் அந்த இடத்தைச் சேர்ந்ததுதான். பந்தின் ஓரம் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலே சலுகை உண்டு. இது தெரியாமல் நன்றாக உள்ளே போகவில்லையே என்று விட்டுக்கொடுப்பவர்கள் நிறைய.

12. பந்து வெளியே கிடந்தாலும், நீங்கள் நிற்கும் கால் அந்த இடத்துக்குள் விழுந்தால் சலுகை உண்டு. மட்டை வீசும்போது அங்கே இடித்தாலும் உண்டு. பந்தை மட்டும் பார்க்காமல் காலையும் ஒருமுறை பாருங்கள்.

13. உங்களுக்கும் குழிக்கும் நடுவே பராமரிப்பு இடம் குறுக்கே கிடக்கிறது என்பதற்காக மட்டும் பந்தை நகர்த்த முடியாது. பந்து செல்லும் பாதையை மறிக்கிறது என்ற காரணம், பந்து கிரீன் மேல் இருக்கும்போது மட்டுமே செல்லும்.

14. சலுகை இருக்கிறது என்பதற்காக எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஜி.யு.ஆர். உள்ளே பந்து நல்ல புல்லில் உட்கார்ந்திருந்து, வெளியே போனால் கரடு முரடு என்றால், இருந்த இடத்திலேயே அடித்துவிட்டுப் போகலாம்.

15. ஆனால் விளையாடத் தடை என்று கமிட்டி குறித்த இடத்தில் அந்த விருப்பம் கிடையாது, வெளியே வந்தே தீர வேண்டும். புதிதாக நட்ட கன்று, பிடிக்காத இளம் புல் இருக்கும் இடங்களைத்தான் பெரும்பாலும் இப்படிக் குறிப்பார்கள். உள்ளிருந்து அடித்தால் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி அபராதம், மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போச்சு.

16. புதருக்குள் அடிக்கவே முடியாதபடி பந்து மாட்டிக்கொண்டிருக்கும்போது, கால் சிமென்ட் பாதையில் இருக்கிறது, ஃப்ரீ டிராப் கொடு என்று கேட்காதீர்கள். அடிக்க முடியாததற்கு உண்மையான காரணம் வேறாக இருந்தால் சலுகை இல்லை. வேண்டுமென்றே அகலமாக நின்று பாதையைத் தொட்டுக் காட்டுவதும் செல்லாது.

17. வண்டிகள் போகச் சிமென்டோ ஜல்லியோ போட்ட பாதைக்குச் சலுகை உண்டு. ஆட்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடி மண் பாதைக்குக் கிடையாது. செயற்கையாகப் போட்ட தளமா என்பதுதான் கேள்வி.

18. எல்லையைக் காட்டும் கம்பி வேலி, காம்பவுண்டுச் சுவர் பக்கத்தில் பந்து ஒட்டிக்கொண்டால் இலவச வழி இல்லை. உள்ளே இருக்கும் பம்ப் ஷெட், மின் பெட்டி, தண்ணீர்க் குழாய் மூடிக்கு உண்டு. சுவர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

19. சிவப்பு, மஞ்சள் குச்சிக்குள் பந்து போய்விட்டால் அங்கே எலி வளை இருந்தாலும், பைப் இருந்தாலும் 16.1ஆம் விதியின் சலுகை கிடையாது. அடிக்க முடிந்தால் அடியுங்கள், இல்லையென்றால் ஓர் அடி அபராதம் கொடுத்து வெளியே வாருங்கள்.

வெட்டிய புல், தோண்டிய குழி

20. அள்ளிக்கொண்டு போவதற்காகக் குவித்து வைத்த புல், சருகுக் குவியல் எல்லாம் கோடு போடாவிட்டாலும் ஜி.யு.ஆர். தான். இன்னொரு வழியும் உண்டு: பந்து அசையாதபடி புல்லையே ஒதுக்கிவிட்டு அடிக்கலாம். எது லாபம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

21. மக்கட்டும் என்று ஓரமாகக் கொட்டி விட்டுப்போன குப்பைக்கு இந்தச் சலுகை இல்லை. அள்ளப் போகிறார்களா, அப்படியே கிடக்குமா என்று சந்தேகம் வந்தால் பக்கத்தில் வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு கூட ஆடுபவருக்குத் தெரியாது.

22. குழாய் பதிக்கவோ, மரத்தின் அடிக்கட்டையைப் பெயர்க்கவோ, புல் பத்தையை வெட்டி எடுக்கவோ பணியாளர்கள் தோண்டிய குழி தானாகவே ஜி.யு.ஆர். கணக்கில் வரும். கோடு இல்லையே என்று தயங்க வேண்டாம். பிடுங்கிய குச்சி விட்டுப்போன சின்ன ஓட்டையும் இதில் சேரும்.

23. முந்தி ஆடியவர் மட்டையால் பெயர்த்த புல் குழியில் பந்து விழுந்தால் சலுகை இல்லை, இருந்தபடியே அடிக்க வேண்டியதுதான். மணல் போட்டு நிரப்பியிருந்தாலும் இதே கதை. எல்லோரும் ஏமாறும் இடம் இது; பராமரிப்பு வேலை என்று சொல்லித் தூக்கிவிட்டால் வீண் அபராதம்.

24. புல் மூச்சுவிட இயந்திரத்தால் வரிசையாகப் போட்ட துளைகளும் ஜி.யு.ஆர். இல்லை என்று விதியே தனியாகச் சொல்கிறது. உள்ளூர் விதியில் சலுகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் பந்து துளைக்குள் இருக்க வேண்டும் அல்லது துளையைத் தொட வேண்டும், கால் படுகிறது என்பது செல்லாது.

25. புதிதாகப் பதித்த புல் பத்தைகளுக்கு இடையிலான இணைப்புக் கோட்டில் பந்து மாட்டினால், அதற்கும் உள்ளூர் விதி இருந்தால்தான் வழி. இங்கேயும் காலை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. பத்தை பதித்த இடம் முழுவதையும் சுற்றிக் கோடு போட்டிருந்தால் மட்டும் தாராளமாக வெளியே வரலாம்.

26. டிராக்டரோ தண்ணீர் வண்டியோ போட்ட ஆழமான டயர் தடத்தில் பந்து கிடந்தால், அடிக்கும் முன் போட்டி நடத்துபவரைக் கூப்பிடுங்கள். அதைப் பராமரிப்பு இடமாக அறிவிக்கும் அதிகாரம் கமிட்டிக்கு உண்டு, நமக்கு இல்லை. லேசான தடம் என்றால் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

27. தண்ணீர் விடும் ரப்பர் குழாய், வாளி, வாருகோல் எல்லாம் நகர்த்தக்கூடியவை. எடுத்து ஓரமாக வையுங்கள். எடுக்கும்போது பந்து அசைந்தாலும் அபராதம் இல்லை, பழைய இடத்தில் வைத்துவிட்டால் போதும்.

28. சருகு, சுள்ளி, கல் விஷயத்தில் அந்தத் தாராளம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் பந்து அசைந்தால் ஓர் அடி போய்விடும். கிரீனிலும், ஆட்டம் தொடங்கும் டீயிலும் மட்டும் மன்னிப்பு உண்டு. அதனால் பந்தை ஒட்டிக் கிடப்பதை விட்டுவிட்டுத் தள்ளிக் கிடப்பதை முதலில் எடுங்கள்.

29. கல் பெரிதாக இருந்தால் துணைக்கு ஆள் கூப்பிடலாம். 1999இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டியில் டைகர் உட்ஸின் பந்துக்கு முன் கிடந்த பெரும் பாறையைப் பார்வையாளர்கள் கூடித் தள்ளிக் கொடுத்தார்கள், நடுவரும் சரி என்றார். மண்ணில் பதிந்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

30. பங்கருக்குள் சருகையும் கல்லையும் எடுக்க 2019 முதல் அனுமதி வந்துவிட்டது. மணலைக் கையாலோ மட்டையாலோ தட்டிப் பார்ப்பதும், பந்துக்கு முன்னும் பின்னும் மட்டையைப் பதிப்பதும் இன்னும் தடைதான். எடுக்கிற சாக்கில் மணலைத் தடவிவிடாதீர்கள்.

31. புல் வெட்டும் வண்டி குறுக்கே நின்றால், ஓட்டுபவரிடம் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள், சலுகை கணக்கெல்லாம் அப்புறம். நின்றிருந்த உங்கள் பந்தைப் பணியாளர் தெரியாமல் எடுத்துவிட்டால் அபராதம் இல்லை, பழைய இடத்தில் வைத்து ஆடலாம். உருண்டு போகும் பந்து வண்டியில் பட்டுத் திரும்பினால், கிரீனிலிருந்து அடித்தது அல்லாத வரை, நின்ற இடத்தில் ஆட வேண்டும்.

32. பந்து நின்ற பிறகு பணியாளரின் வேலையால் அதைச் சுற்றிப் புல்லோ மண்ணோ வந்து விழுந்து நிலைமை கெட்டுப்போனால், முன்பு இருந்தபடி சரி செய்துகொள்ள அனுமதி உண்டு. கூட ஆடுபவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். காற்று அடித்துக் கொட்டியதற்கு இந்த அனுமதி கிடையாது.

தண்ணீரும் சேறும்

33. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய குட்டைக்கு ஃப்ரீ டிராப் உண்டு. நீங்கள் நிற்பதற்கு முன்னோ நின்ற பின்னோ தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காலை அழுத்தி மிதித்துத் தண்ணீர் வரவழைப்பது செல்லாது, வெறும் ஈரமும் சேறும் போதாது.

34. ஸ்ப்ரிங்க்ளர் விட்ட தண்ணீர், உடைந்த குழாய்த் தண்ணீர் இரண்டும் மழைத் தண்ணீர் கணக்குத்தான். நல்ல வெயில் நாளிலும் ஃபேர்வேயில் குட்டை இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

35. ஊட்டி, கொடைக்கானல் போனால் காலைப் பனித்துளி கால் நனைக்கும், மார்கழி, தையில் உறைபனியும் விழும். இரண்டையும் தேங்கிய தண்ணீர் என்று சொல்ல முடியாது. வெயில் ஏறிய பிறகு ஆட நேரம் வாங்கிக்கொண்டால் மனக்கசப்பு இல்லை.

36. பங்கர் முழுவதும் தண்ணீர் நின்றால் அவசரப்பட்டு வெளியே வராதீர்கள், அதற்கு ஓர் அடி விலை. உள்ளேயே தண்ணீர் மிகக் குறைவாக நிற்கும் இடத்தில், குழிக்கு நெருங்காமல், இலவசமாக டிராப் செய்யலாம். முழங்கால் தண்ணீர் என்றால் அந்த ஓர் அடியைக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

37. மேலிருந்து விழுந்த வேகத்தில் பந்து தானே போட்ட பள்ளத்தில் புதைந்து, அதன் ஒரு பகுதி தரை மட்டத்துக்குக் கீழே போயிருந்தால் ஃபேர்வேயிலும் ரஃபிலும் இலவசம்தான். பந்துக்கு நேர் பின்னாலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் டிராப். பங்கர் மணலில் புதைந்ததற்கு இது பொருந்தாது.

38. மழைக்காலத்தில் பந்தை எடுத்துத் துடைத்து வைக்கலாம் என்று உள்ளூர் விதி போடுவார்கள். எத்தனை அங்குலம் அல்லது எத்தனை மட்டை நீளம் என்பதைக் கமிட்டிதான் சொல்லும். ஃபேர்வே அளவுக்கு வெட்டிய புல்லில் மட்டும் என்றுதான் வழக்கமாக இருக்கும். போன வாரம் இருந்தது என்று இந்த வாரமும் தொடாதீர்கள்.

39. கோடையில் நம் கரிசல் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது உங்களுக்குத் தெரியும். மைதானத்தில் அப்படி ஒரு வெடிப்பில் பந்து விழுந்தால் தானாகச் சலுகை வராது, கமிட்டி குறித்திருந்தால்தான் உண்டு. வெயில் காலப் போட்டி என்றால் தொடங்கும் முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வளை, புற்று, காட்டுமாடு

40. மக்காச்சோளக் காட்டில் எலி வளை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சுலபம். எலி, பெருச்சாளி, கீரி தோண்டிய வளைக்கு ஃப்ரீ டிராப் உண்டு. வெளியே தள்ளிய மண்ணும், வளைக்குள் போகும் தேய்ந்த தடமும் அதில் சேர்த்தி.

41. மண்புழு தள்ளிய மண், எறும்பு குவித்த பொடி மண் இவற்றுக்கு டிராப் கிடையாது, கையால் தள்ளிவிட்டு அடிக்கலாம். இறுகிப்போன பெரிய புற்றைத் தள்ள முடியாது. அதைப் பராமரிப்பு இடமாகக் கமிட்டி அறிவித்திருக்கிறதா என்று உள்ளூர் விதியில் தேடுங்கள்.

42. கொடைக்கானல் மைதானத்தில் காட்டுமாடுகள் மேய வருவது சகஜம். குளம்புத் தடம் ஃபேர்வேயில் இருந்தால் உள்ளூர் விதியைப் பாருங்கள், கிரீனில் இருந்தால் யாரையும் கேட்காமல் நீங்களே தட்டிச் சமன் செய்யலாம்.

43. மாடே பக்கத்தில் நின்றால் வீரம் காட்ட வேண்டாம். நச்சுப் பாம்பு, தேன்கூடு என்று ஆபத்தான உயிர் எது பந்துக்கு அருகில் இருந்தாலும் அபராதமில்லாமல் பாதுகாப்பான இடத்துக்கு வரலாம். முள்ளுக்கும் கற்றாழைக்கும் மட்டும் இந்த இரக்கம் இல்லை.

44. பந்துக்கு மிக அருகில் பறவைக் கூடு இருந்து, நீங்கள் நின்றாலோ அடித்தாலோ அது கலையும் என்றால் அந்த இடமும் ஜி.யு.ஆர். ஆகிவிடும். கரைவெட்டி ஏரிக்கு வலசை வரும் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிராப் போடும்போது

45. எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று பார்க்காமல் பந்தை எடுக்கவே கூடாது. எடுத்த பிறகு அந்தப் பக்கம் முள் புதர் என்று தெரிந்து திரும்ப வைத்தால் ஓர் அடி அபராதம். முதலில் இடத்தைப் பாருங்கள், மனசு ஒப்பினால் எடுங்கள்.

46. சலுகை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே பந்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தால், நியாயமான காரணம் இருக்கும்போது எடுக்கலாம். நாணயத்தை வைத்துவிட்டு எடுங்கள், கிரீனுக்கு வெளியே துடைக்காதீர்கள். இல்லை என்று தெரிந்தால் அதே இடத்தில் வைத்துவிடலாம், அபராதம் வராது.

47. விதி கொடுப்பது இடைஞ்சல் முழுவதும் விலகுகிற மிக அருகிலுள்ள இடத்தை, பார்க்க நல்ல இடத்தை அல்ல. அடுத்த அடிக்கு எந்த மட்டையோ அதைப் பிடித்து நின்று பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு டீயைக் குத்துங்கள். அங்கிருந்து நீளமான மட்டையால் அளந்து, குழிக்கு நெருங்காதபடி இன்னொரு டீ.

48. பந்து வெளியே வந்துவிட்டது, கால் மட்டும் இன்னும் கோட்டுக்குள் நிற்கிறது என்றால் அது முழு விலகல் இல்லை. அப்படியே அடித்தால் தப்பான இடத்திலிருந்து ஆடியதாக இரண்டு அடி போகும். அடிக்கும் முன் கவனித்தால் செலவில்லாமல் திருத்திக்கொள்ளலாம்.

49. 1984க்கு முன் தோளுக்குப் பின்னால் போட்டார்கள், பிறகு தோள் உயரத்திலிருந்து கையை நீட்டிப் போட்டார்கள், 2019 முதல் முழங்கால் உயரம். வீட்டு வாசலில் கோலமாவால் ஒரு வட்டம் போட்டு அதை ஜி.யு.ஆர். என்று வைத்துக்கொண்டு பழகுங்கள். பிள்ளைகளும் விளையாட்டாகக் கற்றுக்கொள்வார்கள்.

50. போட்ட பந்து அளந்த இடத்தைவிட்டு உருண்டு ஓடினால் இன்னொரு முறை போடுங்கள். மறுபடியும் ஓடினால், இரண்டாவது முறை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வைத்துவிடலாம். சரிவில் இது தெரியாமல் நாலைந்து முறை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

51. இலவசச் சலுகைக்காக டிராப் போடும்போது பந்தைத் துடைக்கலாம், வேறு பந்தும் போடலாம். பந்தைத் தேடி முன்பின் தெரியாத வளைக்குள் கையை விட வேண்டாம். வளைக்குள்ளோ குட்டைக்குள்ளோதான் போனது என்பது ஏறக்குறைய உறுதி என்றால், அது கடைசியாக உள்ளே நுழைந்த ஓரத்தைக் கணக்கு வைத்து வேறு பந்தால் ஆடலாம்.

கிரீனிலும் கடைசியிலும்

52. கிரீனில் பந்து விழுந்த பள்ளம், ஷூ கீறல், பழைய குழியை அடைத்த வட்டம், இயந்திரம் கீறிய தழும்பு எல்லாவற்றையும் சமன் செய்யலாம். காற்றோட்டத் துளை, மழை அரித்த இடம், களை, நோய் பிடித்த புல் இவற்றில் கை வைக்கக் கூடாது. தேங்கிய தண்ணீர் பாதையில் நின்றால் பந்தை மிக அருகிலுள்ள தடையில்லாத இடத்தில் வையுங்கள், டிராப் வேண்டாம்.

53. நடுவர் பக்கத்தில் இல்லை, சலுகை உண்டா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். ஸ்ட்ரோக் பிளேயில் அடிக்கும் முன் சொல்லிவிட்டு, அந்தக் குழியை இரண்டு பந்தில் முடித்துவிட்டுக் கமிட்டியிடம் போய்ச் சொல்லுங்கள், எது செல்லும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஓர் அடியின் விலை தெரிய வேண்டுமானால் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கைப் பாருங்கள்: நான்கு நாள் ஆடிய அதிதி அசோக் ஒரே அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார்.

54. கோடு போடாத குழி, சொல்லாமல் கிடந்த கம்பி, உடைந்த குழாய் ஏதாவது கண்ணில் பட்டால், ஆட்டம் முடிந்ததும் கிளப் அலுவலகத்திலோ புல் வெட்டுபவரிடமோ சொல்லிவிட்டு வாருங்கள். எந்தக் குழியருகே, எந்தப் பக்கம் என்று போனில் எடுத்த படத்தோடு காட்டினால் அன்றைக்கே கோடு போட்டுவிடுவார்கள். பின்னால் ஆட வருபவர் அங்கே நின்று யாரையும் தேடிக் கேட்க வேண்டியிருக்காது.